பக்கத்துக் கம்பியில் தொங்கிய ரப்பர்

கப்பலின் எந்திர அறையில் வெந்துகொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. ஓட்டையை அப்பாதான் முதலில் பார்க்க வேண்டுமாம். வாயை இறுக மூடிக்கொண்டு திரிந்தாள். அரை நாள்தான். அவள் வாயாவது, சும்மா இருப்பதாவது! உங்கள் ரத்தம்தானே.

இங்கே மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. எங்கள் சோதனை அறையில் ஓவன் மெல்ல முனகிக்கொண்டே இருக்கிறது. நூறு டிகிரி, ஏழு நாள். உள்ளே கம்பிகளில் ரப்பர்த் துண்டுகள் தொங்குகின்றன. வருஷக்கணக்கில் எஞ்சின் சூட்டில் கிடந்தால் ரப்பர் என்ன ஆகுமோ, அதை ஒரு வாரத்தில் பார்த்துவிடும் வேலை. "ரப்பருக்குக் காய்ச்சலாம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து அந்தக் கதவைத் தொடும்போதெல்லாம் யாருடைய நெற்றியையோ தொடுவதுபோல இருக்கிறது.

நேற்று அந்த முனகலில் கண் செருகிவிட்டது. ஓவனின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் கடல் தெரிந்தது. அலைச் சத்தமே இல்லை. நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதற்குள் நடந்து போனீர்கள். கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும், சோதனை கெட்டுவிடும் என்று நான் திறக்காமல் நின்றேன். கனவிலும் எனக்கு வேலைப் புத்தி.

சுற்றி வளைப்பானேன். என் கலவை தேறவில்லை.

தேறிவிட்டது என்று போன கடிதத்தில் மூன்று தடவை எழுதியிருந்தேன், ஞாபகமிருக்கும். இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பரைச் சேர்த்து, சூடு தாங்கக் கொஞ்சம் மருந்தும் போட்டு நான் செய்த கலவை, ஏழு நாள் வெந்த பிறகும் புதுசுபோல இழுபட்டது. மேலாளர் கை குலுக்கினார். கப்பல் எஞ்சின் குழாய்களுக்கு இனி இதுதான், உன் வேலையும் நிரந்தரம் என்றார். நீங்களும், அப்படியானால் இதுவே என் கடைசிப் பயணம் என்று எழுதினீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

இந்த மாதம் அதே கலவையைத் தனியாக வைத்தேன். எட்டாம் நாள் எடுத்து மடக்கினேன். காய்ந்த தோல் மாதிரி படக்கென்று ஒடிந்தது. குறிப்பேட்டைப் புரட்டினால், போன தடவை இடம் போதவில்லை என்று வேறொரு ஆர்டரின் துண்டுகளைப் பக்கத்துக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் மருந்து நிறைய. சூட்டில் அந்த மருந்து ஆவியாகிப் பக்கத்தில் இருப்பதிலும் ஏறிவிடும். என் கலவை தாங்கியது அந்தப் புண்ணியத்தில்தான். 'ஒரு நேரத்தில் ஒரு கலவை மட்டும்' என்று ஓவன் கதவில் ஒட்டியிருக்கிறதே, அது என் கையெழுத்து. ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ஆனால் அந்தக் குழாய் உங்களைப் போல யாரோ ஒருவரின் தலைக்குப் பக்கத்தில்தானே ஓடும்? மறுநாள் காலை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். "நீயே வந்து சொன்னியேம்மா, நல்லது. ஆனா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றார். ஆறு மாதமோ, ஒரு வருஷமோ. நிரந்தரப் பேச்சும் அதோடு தள்ளிப்போயிற்று. வீட்டுக்கு வந்து அழுதேன். மகள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள், அதில் பாதி பென்சில் கறை.

நாம் பேசிவைத்தபடி பார்த்தால், இனி நீங்கள் இன்னொரு பயணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதீர்கள். இருப்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கிளம்பிய அன்று, எத்தனை நாளானாலும் தாங்கிக்கொள்வேன் என்று வாசலில் நின்று வீரமாகச் சொன்னேனே, அந்தச் சோதனையும் தப்பு. அதைச் சொன்னபோது நீங்கள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

புதுப்பல் முளைப்பதற்குள் வந்து சேருங்கள்.

இந்தத் தடவை கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி