ஆற்றங்கரையில் பின்னால் வந்த ஆள்

ஐப்பசி 3, திங்கள்
விடியும்வரை மழை. ஏற்காடு மலை தெரியவில்லை. டாக்டர் சொன்ன நடை, ஒன்பதாம் நாள். நீரில் சர்க்கரையாம். பாலத்துப் பூங்காவில் நுழைந்து, திருமணிமுத்தாற்றுக் கரையோடு அடுத்த பூங்கா வரை. திரும்பி வந்தால் சர்க்கரை போடாத காப்பி. கமலம் இந்த விஷயத்தில் கல்நெஞ்சக்காரி.

பழுப்புக் கோட்டு ஆசாமி இன்றும் பின்னால். இருபதடி தள்ளி. நாலு நாளாகக் கவனிக்கிறேன்.

4, செவ்வாய்
செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். அவனும் நின்றான். நடந்தேன், நடந்தான். ஆற்றைப் பார்க்கவில்லை, பூச்செடியைப் பார்க்கவில்லை. என்னையேதான்.

கமலத்தின் தம்பி ஆகஸ்டு மாத 'வெள்ளையனே வெளியேறு' கலாட்டாவிலிருந்து தலைமறைவு. பெயர் எழுதமாட்டேன். ம. போதும். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. யாராவது மொட்டை மனுப் போட்டிருப்பார்கள்.

6, வியாழன்
மச்சினனிடமிருந்து கடிதம் உண்டா என்று ஹெட்குமாஸ்தா சிரித்துக்கொண்டே கேட்டார். இத்தனை நாள் கேட்காதவர், இன்றைக்கு ஏன்?

பரணில் ம. விட்டுப்போன நோட்டீஸ் கட்டு. எரிக்கச் சொன்னால் கமலம் அழுகிறாள். மேல் தாளில் அவன் கையெழுத்து இருக்கிறதாம்.

வாங்க: வெந்தயம், விளக்குத் திரி, குடைக்குக் கம்பி. மண்ணெண்ணெய், கிடைத்தால்.

7, வெள்ளி
இன்று சோதித்தேன். இரண்டு பூங்காவுக்கும் நடுவே பாதையை விட்டு, வண்ணார் துவைக்கும் கல்லுப் பக்கம் சட்டென்று இறங்கினேன். அங்கே யாருக்கும் நடக்க வேலையில்லை. அவனும் இறங்கினான். உளவாளியேதான் என்று நினைத்த நிமிஷம், பின்னால் அவன் விழுந்த சத்தம்.

உதவப் போகவில்லை. வேகமாகக் கரையேறிவிட்டேன். துவைத்துக்கொண்டிருந்த பெண் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "பாவம், கண்ணு தெரியாதவராட்ட இருக்குது."

ஆபீசில் ஒரே வரியை இரண்டு தடவை எழுதினேன்.

9, ஞாயிறு
வண்ணார்களிடம் விசாரித்து, நாலு சாத்துக்குடியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அச்சாபீசில் ஈய எழுத்துக் கோப்பவர். சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம், இங்கே தனியாள். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. வாசலில் நான் இருமியதுமே நிமிர்ந்தார்.

"ஏனுங்க, முன்னால நடக்கறவர் நீங்கதானுங்களா?"

இரண்டு வருஷமாகப் பார்வை மங்கலாம். வேலைக்குப் போகக் கரைவழி. என் வெள்ளை வேட்டி மட்டும் புகைமாதிரித் தெரியுமாம், அதைப் பிடித்துக்கொண்டே வருவாராம். அச்சாபீசில் யாருக்கும் தெரியாது. எழுத்துப் பெட்டியில் எந்த எழுத்து எந்தக் குழியில் என்று விரலுக்கே பாடமாம். தெரிந்தால் வேலை போய்விடும், சொல்லிவிடாதீர்கள் என்றார்.

போலீஸ் என்று நினைத்து வேண்டுமென்றே அங்கே இறங்கியதைச் சொன்னேன். வீங்கிய கணுக்காலைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்: "போலீசுக்குப் பயப்படற மாதிரி உங்க ஊட்டுல யாருங்க?"

யாருமில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். இதைக் கேட்க வேண்டிய அவசியம் என்ன? கண் தெரியாது என்பதும் அவர் சொல்லித்தானே? வீக்கம் மட்டும் பொய்யில்லை.

17, திங்கள்
வெயில். பாலத்துப் பூங்கா வாசலில் நின்றிருந்தார், கையில் கம்பு. பக்கத்தில் போய் இருமினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார். குழி வந்தால் குழி என்றேன், படி வந்தால் படி.

அடுத்த பூங்காவில் கல்பெஞ்சு. சுற்றிலும் ஆளில்லை. என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். ம., பரண், நோட்டீஸ், எல்லாம்.

"சிவப்பு மசிங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"ரெண்டாவது வரியில ஒரு எழுத்து தலைகீழா இருக்குமுங்க. நான் கோத்ததுதானுங்க அது." கம்பை ஊன்றி எழுந்துகொண்டே, "இனி நீங்களும் என்னையப் புடிச்சுக் குடுக்கலாமுங்க."

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து நோட்டீஸ் கட்டை இறக்கினேன். இரண்டாவது வரி. 'ம' தலைகீழ். கமலத்தைக் கூப்பிட்டுக் காட்டி, கோத்தது யார், இது சிக்கினால் அவரும் சிக்குவார் என்று சொன்னேன். இந்தத் தடவை அழவில்லை. மேல் தாளில் தம்பி கையெழுத்து இருந்த மூலையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை அவளே அடுப்பில் வைத்தாள்.