அரிவாள் பட்ட கிழிசலைத் தைக்கும் முறை

கும்மிடிப்பூண்டி
ஆகஸ்டு 1974

சௌபாக்கியவதி செங்கமலவல்லிக்கு ஆசீர்வாதம். உன் முழங்கால் வலி தேவலையா? இதில் மூன்று விஷயங்கள்:

1. நீ கேட்டபடி, ரவிக்கையில் தவறிய தையலைப் பிரிப்பது.
2. என் சட்டையைத் தைப்பது.
3. ஆலை வாசல் சண்டையில் வெட்டியவனை நான் பார்க்கவில்லை என்பது.

தவறிய தையலைப் பிடித்து இழுக்காதே. மூன்று தையலுக்கு ஒன்றாக பிளேடால் அறுத்து, மறுபுறத்து நூலை உருவினால் துணி கெடாது.

திங்களன்று ஷிப்டு மாறும்போது இரண்டு யூனியன்களின் ஆட்களும் இரும்புக் கம்பிகளோடு மோதிக்கொண்டார்கள். நான் வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸின் கதவை மூடப் போனேன். லேத்தில் வேலை செய்யும் மணவாளன் தோளில் வெட்டோடு ஓடிவந்து, "சாமி, உட்டுடாதே!" என்று என் சட்டைப்பையைப் பற்றினான். துரத்தி வந்தவனின் அடுத்த வெட்டு மணவாளன் கழுத்தில் விழுந்தது. அரிவாள் நுனி என் சட்டைக் கையையும் அறுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குக் கீறல்கூட இல்லை.

அரிவாள் பட்ட கிழிசல் நேராக இருப்பதால், ஓரங்களைச் சேர்த்து நெருக்கமாகத் தைத்தாலே போதும். மணவாளன் இழுத்த பையில் இழை பிரிந்திருக்கிறது. அதற்கு அடியில் ஒட்டுத்துணி வேண்டும். பழைய வெள்ளைத் துணி கொஞ்சம் அனுப்பு. பெரிய காதுள்ள ஊசியும் வேண்டும். இங்கே நூல் கோத்துத்தர யாருமில்லை.

நேற்று ஒருவன் டைம் ஆபீஸ் ஜன்னலில் குனிந்தான். "இன்னா ஐயரே, சட்டையத் தச்சிக்கினியா? அப்டியே வாயையும் தச்சிக்கோ. இல்லாங்காட்டி கை இருக்காது" என்று சிரித்தான்.

மணவாளன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை. நாளை போலீசார் என்னை விசாரிக்கிறார்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான், முடிக்கிறேன். மூன்றாவதாக எழுதியது தவறு, செங்கமலம். பார்த்தேன். ஜன்னலில் சிரித்தவன்தான். நாளை அவன் பெயரைச் சொல்லப்போகிறேன்.

எம்பார்