பேப்பர் கப் மரியாதை

நேற்று உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாலசமுத்திரம் வந்திருந்தேன். உன் மகள் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தாள். சூடு விரலில் பட்டதும், திருப்பதியில் நீ ஊதி ஊதிக் குடித்த அந்தக் காபிதான் நினைவுக்கு வந்தது.

நீ நம் திருப்பதிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் அது. தலைமையாசிரியை வீட்டுக் கொலுவுக்கு டீச்சர்கள் எல்லோரும் போயிருந்தோம். உன் வேலை நிரந்தரமாவது அந்த அம்மாள் கையில் இருந்தது. பாலசமுத்திரத்தில் எந்தப் பக்கம் என்று உன்னை இனிக்க இனிக்க விசாரித்தார். நீ ஒளிக்காமல் உன் தெருவைச் சொன்னாய். சற்று நேரத்தில் எங்களுக்கெல்லாம் டம்ளரில் காபி வந்தது. உனக்கு மட்டும் பேப்பர் கப்பில்.

"உங்களுக்கு இதுதான் சௌகரியம். கழுவுற வேலை இல்ல பாருங்க" என்றார், முகம் நிறையச் சிரிப்போடு.

நீ எழுந்து போய்விடுவாய், வேலையும் போய்விடும் என்று பயந்தேன். நீயோ அவரைவிட அழகாகச் சிரித்தாய்.

"இவங்களுக்கெல்லாம் நாலு பேரு வாய் வெச்ச டம்ளரு. எனக்கு மட்டும் புத்தம் புதுசு. இவ்ளோ மரியாத எங்க ஊர்ல கூட யாரும் குடுத்தது இல்ல மேடம்."

குரலில் துளிக் காரம் இல்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு ஒரு சொல் கிடைத்திருக்குமா? அப்படியும் ஒருத்தியால் பேச முடியுமா என்று நான் வியந்தேன். தெலுங்கு டீச்சர் மெல்ல டம்ளரைக் கீழே வைத்து, தனக்கும் பேப்பர் கப்பே போதும் என்றார். பிறகு நான். பிறகு எல்லோரும். அந்த அம்மாள் கப் தேடி அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

பஸ் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை அப்போதுதான் நடுங்கியது. வேலை என்னவோ நிரந்தரமாயிற்று. அவர் வெட்கப்பட்டாரா, உன் வாய்க்குப் பயந்தாரா, தெரியவில்லை.

நேற்று அந்த அம்மாளும் வந்திருந்தார், மிகவும் தளர்ந்துபோய். உன் மகள் அவர் முன்னால் குனிந்து, "மேடம், உங்களுக்குப் புதுசா பேப்பர் கப் வாங்கிக்கினு வரட்டுமா?" என்று கேட்டாள். அச்சு அசல் உன் சிரிப்பு. வீட்டில் இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாயோ.

அவர் தலையசைத்து மறுத்தார்.

"வேணாம்மா. உங்கம்மா குடிச்ச டம்ளர் இருந்தா, அதுலயே குடு."

கடைசிச் சொட்டு வரை குடித்தார். இதை நீ பார்த்திருக்க வேண்டும். உன் சிரிப்பை உன் மகள் வைத்திருக்கிறாள். பஸ்ஸில் நடுங்கிய அந்தக் கை இன்னும் என் கையில்தான் இருக்கிறது.