சொட்டாத குழாய்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று வீடு. மூன்றிலும் சொட்டும் குழாய். கடைசி வீட்டுக்காரம்மா, "போன தடவையும் நீங்கதானே சரிபண்ணீங்க?" என்று கேட்டார். நானேதான். வாஷரை மாற்றிவிட்டு அசடு வழிந்துகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, புதிதாக வாங்கிய வைன் பெட்டியிலிருந்து ஒரு கிளாஸ். பொத்தானை அழுத்தினால் வருகிறது, விட்டால் நிற்கிறது. குழாயின் வாயை விரலால் தடவிப் பார்த்தேன், ஈரம் ஒட்டவில்லை. குழாய் வேலை பார்த்துச் சோறு தின்கிறவன் நான். என் வீட்டுச் சமையலறைக் குழாய் ராத்திரி பகலாகச் சொட்டுகிறது. ஒழுங்காக இருப்பது அட்டைப்பெட்டியில் செருகியிருக்கிற இந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றுதான். எந்த மகராசன் செய்தானோ! வைனும் மோசமில்லை. விலைக்கு மிக நன்றாகவே இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவும் அத்தானும் வந்தார்கள். அக்கா நேராகச் சமையலறைக்குப் போனாள், பெட்டியைப் பார்த்தாள், எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள்.

"மூணு லிட்டரா? டேய், நாங்க பால்கூட மூணு லிட்டர் வாங்கறதில்லடா."

பொறுமையாக விளக்கினேன். பெட்டிக்குள் ஒரு வெள்ளிப் பை. வைன் குறையக் குறையப் பையும் சுருங்கும். உள்ளே காற்றே போகாது, அதனால் ஒரு மாதம் ஆனாலும் கெடாது. பாட்டில் அப்படியில்லை. திறந்த மூன்றாம் நாள் புளித்துவிடும், வீணாகுமே என்று ஒரே மூச்சில் காலி பண்ணத் தோன்றும். "பாட்டில்தான்க்கா 'முடி, முடி'ன்னு நிக்கும். இது பாட்டுக்கு இது இருக்கும். வாரத்துக்கு மூணு நாள், நாளுக்கு ஒரு கிளாஸ். அவ்வளவுதான்."

அவள் நம்பவில்லை. போன வருஷம் என் வாசலில் காலிப் பாட்டில்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்தவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

விஷயம் வைன் மட்டும் இல்லை. என் மகள் வாண்டுக்குப் பதின்மூன்று முடியப்போகிறது. அடுத்த மாதத்திலிருந்து அப்பாவோடு இருக்கிறேன் என்கிறாள், பள்ளிக்கூடமும் இங்கிருந்து நடக்கிற தூரம். அவள் அம்மா என்னை விட்டுப் போனவள்தான், ஆனால் நியாயம் தெரிந்தவள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "உங்க அக்கா சரின்னு சொல்லட்டும், அனுப்பறேன்." அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று ஊருக்கே தெரியும்.

கிளம்பும்போது அக்கா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள், பிறந்த குழந்தையின் எடையைப் பார்ப்பதுபோல.

மார்ச் 12, புதன்

ஒரு கிளாஸ். போதும் என்று தோன்றியது, நிறுத்திவிட்டேன். எனக்கா?

மார்ச் 16, ஞாயிறு

அக்கா கைப்பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தாள். விமானத்துக்குப் போகிறவர்கள் சூட்கேஸை மாட்டி எடை பார்ப்பார்களே, அது. பெட்டியின் கைப்பிடியில் மாட்டித் தூக்கினாள்.

"எதுக்குக்கா இது?"

"சும்மாடா."

அத்தான் பால்கனியில் வாண்டு விட்டுப்போன மணிபிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போயிருக்கும்போது வாரம் ஒரு தரம் வந்து ஊற்றுவதற்காக அவரிடம் ஒரு சாவி உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர். அக்கா வீட்டில் சொட்டு மதுவும் கூடாது. அது அக்கா போட்ட சட்டம், அத்தான் முப்பது வருஷமாக மீறியதில்லை.

அக்கா குளியலறைக்குப் போனதும் பெட்டியிடம் வந்தார். "ஏன் மாப்ளே, சத்தமே வராதா?"

ஒரு கிளாஸ் பிடித்துக் காட்டினேன்.

"கார்க் இல்ல. டப்புன்னு சத்தம் இல்ல. குப்பையில போட பாட்டில்கூட இல்ல," என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என்னைப்போல் ரசிக்க ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்.

மார்ச் 20, வியாழன்

கடைக்காரர் புதுசு புதுசாகக் காட்டினார். கேனில் வைன், ஓர் ஆளுக்கு ஒன்று. காகிதத்தில் செய்த பாட்டில், தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது. பழச்சாறு டப்பா மாதிரி ஒன்று, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அரை மணி நேரம் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேன் வாங்கிவந்தேன். குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் என் ஓட்டு பெட்டிக்குத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா மறுபடி எடை போட்டாள். முகம் மாறிவிட்டது.

"வாரத்துக்கு மூணு கிளாஸ்னு சொன்ன. ஒரே வாரத்துல ஒண்ணரை கிலோ எறங்கியிருக்குடா."

தூக்கிப் பார்த்தேன். ஆமாம், லேசாகிவிட்டது. எனக்கே புரியவில்லை. மூன்று கிளாஸுக்கு மேல் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாண்டோட அம்மாகிட்ட என்னால பொய் சொல்ல முடியாதுடா" என்றாள். அடுத்த ஞாயிறு வரை பார்ப்பாளாம். அப்புறம் உள்ளதைச் சொல்லிவிடுவாளாம்.

நான் அவ்வளவு குடிக்கல. குடிக்காததுக்குப் போய் மாட்டிக்கிட்டேனே. வாண்டுகிட்ட என்னன்னு சொல்றது? தூக்கத்துல நடந்துபோய்க் குடிக்கிறேனா? ஒருவேளை பை கசியுதோ?

மார்ச் 24, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. பெட்டியைப் பிரித்துப் பையை வெளியே எடுத்தேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பையை முக்கி, நாலா பக்கமும் அமுக்கினேன். தண்ணீர் துளியும் சிவக்கவில்லை. குழாயைத் தலைகீழாக ஒரு மணி நேரம் பிடித்திருந்தேன். ம்ஹூம். மெச்சத்தான் தோன்றியது, அதுவும் இந்த நிலைமையில்.

கசியவில்லை என்றால் வைன் எங்கே போகிறது?

மார்ச் 27, வியாழன்

மணிபிளான்ட்டின் இலைகள் மஞ்சளாகிவிட்டன. தண்ணீர் போதவில்லையோ என்று மண்ணைத் தொட்டேன். விரல் சேற்றில் புதைந்தது. அடித்தட்டு நிரம்பி வழிந்து, கீழே பலகையெல்லாம் ஊறிக் கிடக்கிறது. வேர் அழுகுகிற வாடை.

வாரம் ஒரு தரம் ஊற்றினால் இப்படி ஆகாது. யாரோ தினமும் வந்து ஊற்றியிருக்கிறார்கள். இன்னொரு சாவி இருப்பது ஒருவரிடம்தான்.

அட அத்தானே!

சிரிப்பு அடங்கவே நேரமானது. அப்புறம்தான் யோசித்தேன். சொன்னால் அத்தான் மானம் போகும். போன வருஷம் நான் கதவைத் திறக்காமல் கிடந்தபோது இந்தச் சாவியோடு வந்து, ஒரு வார்த்தை புத்தி சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன். சொல்லாவிட்டால் வாண்டு வரமாட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

போன் பண்ணினேன். "செடி எப்படி இருக்கு அத்தான்?"

"ஜோரா இருக்கு மாப்ளே. நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத."

மார்ச் 30, ஞாயிறு

செடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நானே அக்கா வீட்டுக்குப் போனேன். யாரையும் காட்டிக்கொடுக்க அல்ல, செடியைக் காப்பாற்ற வழி கேட்கத்தான். சரி, அது பாதி உண்மை. சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

அக்கா மண்ணைத் தொட்டாள். "என்னடா இப்படிச் சேறா இருக்கு? வாரம் ஒரு தடவைதானே ஊத்தணும்?"

அத்தான் செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"நான்தான் தினம் ஊத்தினேன்."

"தினமுமா? எதுக்குங்க?"

"போனதுக்கு ஏதாவது ஒரு வேலை செஞ்சுட்டு வரணும்ல."

"அப்ப எதுக்குப் போனீங்க?"

அத்தான் கட்டைவிரலை நீட்டிக் காற்றில் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி சொன்னது நெசம். அவன் ஒரு கிளாஸ்தான். மிச்சமெல்லாம் நான்" என்றார்.

அக்கா எழுந்தாள். தொட்டி பறக்கப் போகிறது என்று நான் ஒதுங்கினேன். அவள் போனை எடுத்தாள். மறுமுனையில் வாண்டின் அம்மா.

"நான்தான் பேசறேன். என் தம்பி ஒழுங்கா இருக்கான். புள்ளைய அனுப்பு. என் வீட்டுக்காரர்தான் சரியில்ல, அவர நான் பாத்துக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவருக்கும் ஆறுதல் தேவைப்படும்போல் இருந்தது, நானும் தட்டினேன்.

ஏப்ரல் 2, புதன்

அத்தான் வந்தார். சாவி இருந்தும் மணி அடித்தார். கையில் புது வைன் பெட்டி ஒன்று, செடிக்குப் புது மண் ஒரு பை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சட்டம் திருத்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில், அக்கா முன்னால், அத்தானுக்கு ஒரு கிளாஸ். இன்று பழைய பெட்டியின் மிச்சத்தை ஊற்றினேன். அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்து, "சீ, துவர்ப்பு" என்றாள். கிளாஸைக் கீழே வைக்கவில்லை. குழாயை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, "பரவால்லடா, உன் வேலையவிட நல்லாயிருக்கு" என்றாள்.

காலிப் பையைக் கழுவிக் காயவைத்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

வாண்டு வந்துவிட்டாள். கட்டில் திங்கட்கிழமைதான் வருமாம். தலையணையை அம்மா வீட்டிலேயே மறந்துவிட்டாள். என்னுடையதைத் தருகிறேன் என்றால் நாற்றம் அடிக்கிறது என்கிறாள். கொடியில் தொங்கிய வெள்ளிப் பையைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்டு, வாயை வைத்து ஊதிக் குழாயைச் செருகினாள். மெத்தென்று உப்பி நின்றது.

"காத்து எறங்கிடாதாப்பா?"

"எறங்காது."

மூட்டை தூக்கி மாடியேறிய களைப்பு. மத்தியான வெயிலில், கூடத்துப் பாயில், அதன் மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். மணிபிளான்ட்டில் ஒரு துளிர் விட்டிருக்கிறது, எழுந்ததும் காட்ட வேண்டும். சமையலறைக் குழாய்க்கு வாஷர் போட்டுவிட்டேன், சொட்டும் சத்தத்தில் அவள் விழித்துவிடக் கூடாது.

இரண்டு முறை போய்ப் பார்த்தேன். காற்று இறங்கவில்லை.