ஆறு வரி, இரண்டு பிழை

நேற்று மாலை உன் மைத்துனன் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பலகையை என் மேசைமேல் வைத்தான். துணியை அவிழ்த்ததும் தீக்குச்சி மருந்தின் வாடை லேசாக அடித்தது. மூடியில்லாத தீப்பெட்டிகள், கஞ்சிப் பசையால் வரிசை வரிசையாக ஒட்டியவை, அறுபத்து நான்கு. எண்ணத் தேவையில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் காப்பிக்கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தானே.

நீ போய் நாற்பது நாளாகிறது. இதுவரை எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. அதை யார்மேல் எவ்வளவு என்று பிரித்து எழுதிவைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பத்திரிகை முதலாளியிலிருந்து தொடங்குகிறேன். அச்சுக் கோப்பதுதான் உன் வேலை. இடக்கையில் எழுத்தை வரியாக அடுக்கிக்கொள்ளும் இரும்புச் சட்டம். எதிரே எழுத்துப் பெட்டி, நீங்கள் கேஸ் என்பது. வலக்கை பார்க்காமலே அறை அறையாகப் போய் எழுத்தை எடுத்து வரும். என் கையெழுத்தைக் கேள்வி கேட்காமல் கோப்பவன் அந்த அச்சகத்திலேயே நீ ஒருவன். "கோழி கிண்டுன மாதிரி எழுதிட்டுப் போயிடுற, நிருபரே. நாளைக்கு நீயே வந்து எங்கிட்ட அர்த்தம் கேப்ப" என்பாய். அப்படிப்பட்டவனை, மெஷின்காரன் வராத ஒரு காலையில், கல்யாணப் பத்திரிகை அவசரம் என்று காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரத்தின் முன் நிறுத்தினார். வலக்கையில் மூன்று விரல் போயிற்று. "கைய எப்ப எடுக்கணும்னு தெரிய வேணாமா?" என்று அவர் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அந்த வாரம் அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலரை மாதம். புண் ஆறியதைவிட நீ சாப்பிடப் பழகியதற்குத்தான் அதிக நாளாயிற்று. இடக்கையால் சோறு தொட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாய். அந்த வார்டின் டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டுப் போடுவதோடு கையைப் பழக்குவதும் தன் பொறுப்பு என்று நினைத்தவர். "ஐசே, அந்தக் கையும் உம்மட கைதானே? வெக்கப்பட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ஆருக்கு லாபம்?" என்றார். மறுநாள் நீ அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். அதற்கு அடுத்த வாரம் என்னிடம் தீப்பெட்டி கேட்டாய்.

"முழு கேஸுக்கு எரநூறுக்கு மேல வேணும். அடிக்கடி கை போற அறை மட்டும் போதும்" என்றாய். புளியங்கொட்டை, பச்சைப்பயறு, பொத்தான் என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைப் போட்டு, அதையே எழுத்தாக வைத்துக்கொண்டு இடக்கையால் பொறுக்கினாய். வலப்பக்கம் இருக்க வேண்டியவை எல்லாம் இடப்பக்கம் இருந்தன. ஏன் என்று கேட்டேன். "சட்டத்தை இனிமே வலக்கையில கட்டிக்கணும். அந்தக் கைக்கு மேல தாண்டித் தாண்டி எடுத்தா விடிஞ்சிடும். அதான் வீட்டையே திருப்பிப் போட்டுட்டேன்" என்றாய். நான் தலையாட்டினேன். எனக்கு எல்லாம் விளங்கியது. இதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்குத் திரும்பினாய். செருப்புத் தைப்பவரிடம் தோல்வார் வாங்கி, சட்டத்தை வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டாய். உன் கேஸைத் தீப்பெட்டிப் பலகையைப் பார்த்து மாற்றி அடுக்கினாய். "இடக்கையில கோத்தா சேதியும் இடக்காத்தான் வருமா, அண்ணே?" என்று பக்கத்துக் கேஸ்காரன் கேட்டான். "நிருபர் எழுதுறதே இடக்குத்தான், நான் புதுசா என்ன கெடுக்கப் போறேன்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் வாரத்தில் அரை மணிக்குப் பதினொரு வரி வந்தது.

முதலாளிக்கு அது போதவில்லை. அல்லது அதுதான் பிடிக்கவில்லை. உன் இடத்துக்குத் தன் ஊர்க்காரன் ஒருவனை ஏற்கெனவே வரச் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. "அரை மணிக்குப் பத்து வரி வந்தா இருக்கட்டும், இல்லன்னா வேற வழி பாக்கட்டும். நிருபரே, நீங்க கடிகாரம் புடிங்க. நீங்க சொன்னா யாரும் மறுபேச்சு பேச முடியாது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று உன்னை ஜன்னலோரக் கேஸில் நிறுத்தினார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றார்கள். நீ கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தாய். முதலாளியை அல்ல, என்னை.

"இது என் கேஸ் இல்லையே."

நான் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "எழுத்து எல்லாம் ஒண்ணுதானே? ஆரம்பி, மணி ஓடுது."

அறுபத்து நான்கு தீப்பெட்டி சுமந்து வந்து, நீ வீட்டைத் திருப்பிப் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் சொன்ன பேச்சு அது. அரை மணி முடிந்ததும் சரியாக எண்ணினேன். நான் எதையும் சரியாகத்தான் எண்ணுவேன். சீட்டில் எழுதினேன்: ஆறு வரி, இரண்டு பிழை. கீழே என் கையெழுத்து.

உன்மேலும் கோபம் உண்டு. அந்தக் கேஸைத் தரையில் கவிழ்த்திருக்கலாம். என் முகத்தில் அடித்திருக்கலாம். நீ தோல்வாரை அவிழ்த்து, சட்டத்தைத் துடைத்து வைத்துவிட்டு, "சரி லா, நிருபரே" என்று சொல்லி, கிள்ளானுக்கு மைத்துனன் கடையில் மூட்டைக்கு எண் போடப் போய்விட்டாய். இரண்டு வருஷத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

சாவுச் செய்தி வந்த அன்று முதலாளி என்னிடம் தாளை நீட்டினார். "நாலு வரி போடுங்க. உடம்பு முடியாம அவராவே விலகிக்கிட்டார்னு போட்டுடுங்க." எழுத மாட்டேன் என்றேன். வேறொருவர் எழுதினார். அச்சில் வந்தது. அன்று உன்னை நிறுத்திய அதே ஜன்னலோரக் கேஸில்தான் அதைக் கோத்தார்கள்.

நேற்று உன் மைத்துனன் படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னான்: "மச்சான் உங்க பேச்ச விட மாட்டாருங்க. ரெண்டு வருஷமா இந்தப் பலகைய வெச்சுக்கிட்டுத் தடவிக்கிட்டே இருந்தாரு. நிருபர் தப்பா எண்ண மாட்டாரு, எனக்குத்தான் கை வராமப் போயிடுச்சின்னு சொல்வாரு."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

உனக்குக் கை வந்தது. பதினொரு வரி வந்தது. நான் பார்த்தேன்.

முதலாளி பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்த அந்தச் சீட்டை இத்தனை நாளும் என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இன்று காலை அதை விரித்து, ஆறு வரி என்பதற்கு முன்னால், அன்றே எழுதியிருக்க வேண்டிய மூன்று சொற்களைப் பென்சிலால் சேர்த்தேன்: அவனுடையது அல்லாத கேஸில். இன்னும் ஒரு மணி நேரத்தில் முதலாளி வருவார். இன்றைய என் செய்திக்குப் பதில் இந்தச் சீட்டைத்தான் அவர் மேசையில் வைக்கப் போகிறேன், பக்கத்தில் உன் பலகையோடு.