ஐந்து மெஷினுக்கும் பொட்டு

18.9.2025, வியாழன்

ஓடிவிட்டது. போடி ஏலக்காய்க் குடோனின் மாடியறையில் ஐந்து பழைய கம்ப்யூட்டர்களும் சேர்ந்து ஒரே விர்ச்சுவல் மெஷினாக ஓடுகின்றன. தான் ஐந்தில் பரவிக் கிடப்பது என் ஏல நிரலுக்கே தெரியாது. ஒரே பெரிய கம்ப்யூட்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, லூசு. சந்தோஷத்தில் கூட்டாளி வேல்விழியைக் கட்டிப்பிடித்து அவள் டீயைக் கொட்டிவிட்டேன்.

19.9

குடோன் முதலாளி பொன்னுராஜ் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "போன தடவ பாதி ஏலத்துல மெஷினு நின்னுபோச்சு. வாங்க வந்தவுக எந்திரிச்சுப் போயிட்டாக. அடுத்த மாசம் ஆறாந்தேதி ஏலம் நிக்காம நடந்தா வேல ஒங்களுக்கு. நின்னுச்சுன்னா கொச்சிக் கம்பெனிக்காரனுக்கு."

22.9

ஒன்றின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். மற்ற நான்கும் அப்படியே உறைந்தன, இன்னும் வராத மாமனுக்காகப் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் மாதிரி. ஏன் இப்படி மானத்த வாங்குதுக?

27.9

திருத்திவிட்டேன். பதில் தராதவனுக்காக இனி யாரும் காத்திருக்க மாட்டார்கள். அவன் வேலையின் நகல் பக்கத்தவனிடம் இருக்கும், அவன் தொடர்வான். ஒயரைப் பிடுங்கினால் சமாளிக்கிறது. "ஓடுறப்பக் கரண்ட்டயே அணச்சுப் பாக்க வேண்டியதுதானடி?" என்கிறாள் வேல்விழி. பயமாக இருக்கிறது. அணைக்கவில்லை.

1.10

ஆயுத பூஜை. சோதனைக்குப் பொய் ஏலம் ஒன்றை ஓடவிட்டு, ராயப்பன்பட்டிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு மதியம் வந்தால் — ஐந்து மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், கதம்பம். பக்கத்தில் பொரித் தட்டோடு குடோன் மேனேஜர் ராக்கையா அண்ணன்.

"ஓடுற மெஷினுக்குப் பொட்டு வைக்கப்படாதுல்ல தாயி. நிதானமா ஒண்ணொண்ணா அணச்சு, தொடச்சு, பொட்டு வச்சு, மறுபடி போட்டேன்."

போச்சு. அம்புட்டும் போச்சு.

திரையைப் பார்த்தேன். ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. பதிவுகளைத் தோண்டினேன். ஒவ்வொன்றாக விழுந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேர்ந்திருக்கின்றன. கேட்ட விலை ஒன்றுகூடத் தொலையவில்லை. சர்ச்சுக்காரி நான், அவர் தட்டிலிருந்த பொரியைக் கைகொள்ளாமல் அள்ளித் தின்றுகொண்டே குதித்தேன்.

6.10

ஏலம் சூடுபிடித்த நேரத்தில் முதலாளி மாடிக்கு வந்தார். "ஒண்ணு நின்னுபோனா என்னாகும்?"

"நீங்களே அணச்சுப் பாருங்கய்யா."

வாய்தான் சொன்னது. கை, வேல்விழியின் கையை நசுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதை அணைத்தார். கீழே விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிரக்கூட இல்லை. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். "இனி எல்லா ஏலமும் இங்கனதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்து, கூத்தடித்து, அறையைப் பூட்டும்போதுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது மெஷின் பொட்டும் பூவுமாக அணைந்தே கிடந்தது. யாரும் அதை மறுபடி போடவில்லை. எனக்கே அந்த நினைப்பு வரவில்லை.