நாலு சைபர்

பம்பாய், 12-8-1983

சௌந்திரத்துக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா?

ராசிபுரத்து நெய் விலையை நீ தந்தியில் அனுப்பினாயே, எதிர்க்கடை வெள்ளியங்கிரி தந்திக்காரரிடம் வாங்கி அதை எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த வாரம் மறைக்க மறந்துட்டீங்களா?" என்று சிரித்தான். நம் வாடிக்கை ரெண்டு பேரை இழுத்துக்கொண்டான், மீட்டுவிடலாம்.

தப்பு என்னுடையது. விலையோடு கூட்டுகிற மறைவு எண்களை எந்த நாலு இலக்கத்திலும் தொடங்கலாம் என்றேன். நீ நாலு சைபர் வைத்தாய். முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் கூட்டி, வருவதன் ஒன்றாம் இலக்கத்தைக் கடைசியில் சேர்த்து, முதலில் இருப்பதைத் தள்ளிக்கொண்டே போனாலும் சைபருக்குப் பின் சைபர்தானே வரும்? விலை அப்படியே வெளியே நிற்கிறது.

லாரியில் பருப்புப்பொடி கொடுத்துவிடு, கொஞ்சம் கூடவே.

அடுத்த தந்திக்கு, நான் ஊட்டை விட்டு வந்து இன்றோடு எத்தனை நாளோ, அதில் தொடங்கு. நான் எண்ணி வைத்திருக்கிறேன். நீயும் எண்ணியிருந்தால்தான் விலை எனக்குப் புரியும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன் சின்னண்ணன்